எஞ்சின் தட்டுகிறதா? சத்தம் வரும் நேரத்தை வைத்துப் பழுதைப் பிடிக்கும் முறை

எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்டதும் பலரும் பானெட்டைத் திறந்து, எங்கிருந்து வருகிறது என்று காதை நீட்டுவார்கள். பெரும்பாலும் ஏமாற்றம்தான். பிளாக்கும் ஹெட்டும் சேர்ந்து ஒரே உலோகக் கட்டி போல அதிர்வைக் கடத்துகின்றன. அடியில் கிராங்க் ஷாஃப்டில் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) தட்டுவது மேலே வால்வு கவரில் கேட்கும். முன்பக்கப் புல்லியில் தட்டுவது நடு எஞ்சினில் கேட்கும். அதனால் 'எங்கே' என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது 'எப்போது': குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? லோடு ஏறும்போதா (எஞ்சின் பாரம் இழுக்கும்போதா), ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஐடிலில் நிற்கும்போதா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் காரணங்களின் பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் அல்லது நீளமான ஸ்க்ரூ டிரைவர், வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்தால் நேரடி அளவுகளையும் பழுதுக் கோடுகளையும் காட்டும் ஓபிடி ஸ்கேனர், ஆயில் பிரஷர் கேஜ், காந்தம், நல்ல டார்ச். கடைசி இரண்டைத் தவிர மற்றவை இரவல் கிடைத்தாலே போதும்.

எதையும் தொடுவதற்கு முன்

சத்தம் கேட்ட நேரத்தில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால், அல்லது சத்தம் கனத்து நிமிடத்துக்கு நிமிடம் பெருத்துக்கொண்டே போனால், எஞ்சினை அங்கேயே நிறுத்துங்கள். வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசையில்தான் பேரிங் மாற்றும் வேலை கிராங்க் மாற்றும் வேலையாகிறது.

விளக்கு எரியவில்லை என்பதற்காக நிம்மதி அடையவும் வேண்டாம். சாதாரண பிரஷர் சுவிட்ச் பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.5 பார் வரை பிரஷர் இறங்கிய பிறகுதான் விளக்கை எரிய விடும். ஓடும் எஞ்சினுக்கு அது போதவே போதாத அளவு. 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று) 2 பார் இருக்க வேண்டிய இடத்தில் 0.8 பார் இருந்தாலும் விளக்கு வாயைத் திறக்காது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, 5 முதல் 10 நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவே பல கார்களில் சுமார் 1 லிட்டர் வித்தியாசம். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் நிரப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலும் குற்றம்தான்: கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை புகுந்த ஹைட்ராலிக் டேப்பட் (ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியை நிரப்பும் பாகம்) டிக் டிக்கென்று அடிக்கும். ஆயிலில் பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் அது நீர்த்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். மாற்றாமல் மேலே போகாதீர்கள். கடைசியாக ஊற்றிய ஆயிலின் கிரேடையும் சரிபாருங்கள். 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் 0டபிள்யூ-20 ஊற்றியிருந்தால் சூடேறிய பிறகு சத்தம் கூடலாம்.

எத்தனை முறை தட்டுகிறது?

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஐடில் 750 ஆர்பிஎம் என்றால் கிராங்க் நொடிக்கு 12.5 சுற்று, கேம் 6 சொச்சம். நொடிக்கு ஆறு தட்டு என்பதை விரலால் தாளம் போட்டு ஓரளவு பின்தொடர முடியும். பன்னிரண்டு என்பது ஒன்றோடொன்று கலந்து கடகடவென்று ஒரே இழையாகக் கேட்கும். பிளக் ஒயர் உள்ள பழைய எஞ்சினாக இருந்தால் டைமிங் லைட்டை (ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னும் விளக்கு) முதல் சிலிண்டர் ஒயரில் மாட்டுங்கள். ஒரு மின்னலுக்கு ஒரு தட்டு என்றால் கேம் வேகம், இரண்டு தட்டு என்றால் கிராங்க் வேகம்.

கிராங்க் வேகத்தில் வந்தால் சந்தேகம் கீழ்ப்பகுதி, ஃபிளைவீல், கிராங்க் புல்லி பக்கம் போகும். பாதி வேகத்தில் வந்தால் வால்வு, டேப்பட், ராக்கர். ஆனால் பாதி வேகம் என்றாலே வால்வுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே சிலிண்டரின் எக்ஸாஸ்ட் கசிவும் இன்ஜெக்டர் சத்தமும் கூட இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வரும்.

லோடு ஏறும்போது மட்டும் கிலுகிலுவென்ற சத்தம்

மேடு ஏறும்போதோ, மேல் கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதோ, தகர டப்பாவில் கோலிக்குண்டு குலுக்கியது போல வரும்; காலை எடுத்த அடுத்த நொடியே நின்றுவிடும். உலோகத்தோடு உலோகம் மோதும் சத்தம் அல்ல இது, எரிதலின் சத்தம்; நாக்கிங் என்பது இதைத்தான். ஸ்பார்க் பற்றவைத்த சுடர் பரவி முடிவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே ஒரே கணத்தில் வெடிக்கிறது. அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவர்களில் மோதி எதிரொலிப்பதுதான் நம் காதில் விழுகிறது. 80 மில்லிமீட்டர் அளவு போருள்ள (சிலிண்டர் விட்டம்) எஞ்சினில் அதன் அதிர்வெண் 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். சத்தம் மெல்லியதாகவும் கூர்மையாகவும் இருப்பது அதனால்தான்.

உறுதி செய்வது எளிது. எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கட்டும். போக்குவரத்து இல்லாத சாலையில், மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முக்கால்வாசி அழுத்துங்கள். சத்தம் வந்தால் அப்படியே ஒரு கியர் இறக்கி அதே வேகத்தில் போய்ப் பாருங்கள். குறைந்தால் எரிதல் நாக்கிங் என்பது கிட்டத்தட்ட உறுதி. நின்ற இடத்தில் நியூட்ரலில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. லோடு இல்லாமல் இது வரவே வராது.

காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள். முன்னால் இருப்பவை அடிக்கடி நடப்பவை, சோதிக்கவும் சுலபமானவை.

எரிபொருள். டேங்க் கால்பங்கு வரை இறங்கட்டும். பிறகு ஒரு படி கூடுதல் ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் எண்) பெட்ரோல் நிரப்பி அதே சாலையில் அதே சோதனையைச் செய்யுங்கள். எண்ணைப் படிக்கும்போது ஒரு குழப்பம் உண்டு. உலகின் பல பகுதிகளில் பம்ப்பில் எழுதியிருப்பது ஆர்ஓஎன் எண். சில நாடுகளில் அதுவும், இன்னும் கடுமையான சோதனையில் வரும் எம்ஓஎன் எண்ணும் சேர்ந்த சராசரி. சராசரிக் கணக்கில் 87 என்பது ஆர்ஓஎன் கணக்கில் ஏறக்குறைய 91. கையேடு எந்தக் கணக்கில் சொல்கிறது என்று பார்த்துவிட்டு பம்ப்பைக் குறை சொல்லுங்கள். அதோடு, 91 போதும் என்று வடிவமைத்த எஞ்சின் இத்தனை நாள் அதில் நன்றாக ஓடிவிட்டு இப்போது 95 கேட்கிறது என்றால், 95 ஊற்றுவது தீர்வு ஆகாது. வேறெங்கோ பழுது இருக்கிறது. கூடுதல் ஆக்டேன் அதை மூடி மறைக்கிறது, அவ்வளவுதான்.

சூடு. ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். பெரும்பாலான எஞ்சின்கள் 85 முதல் 105 டிகிரிக்குள் இயங்கும். மேடு ஏறும்போது இதைத் தாண்டினால் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், ஹெட்டுக்குள் மாட்டிய காற்றுக்குமிழி என்று தேடுங்கள். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் முக்கியம்: வெளிக்காற்றை விட 30 டிகிரி கூடுதலாக இருந்தால், ஏர் ஃபில்டருக்குக் காற்று கொண்டுவரும் குழாய் கழன்று எஞ்சின் அறையின் சூடான காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள்.

கலவை மெலிதல். ஃப்யூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) அளவுகளில் குறுகிய கால எண்ணையும் நீண்ட கால எண்ணையும் கூட்டுங்கள். கூட்டல் +10 சதவீதத்துக்கு மேல் நின்றால் கலவையில் பெட்ரோல் குறைகிறது, கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றி ஈடுகட்டுகிறது என்று பொருள். ஐடிலில் +15, 2500 ஆர்பிஎம்மில் +3 என்றால் வேக்குவம் கசிவு. தலைகீழாக, ஐடிலில் சரியாக இருந்து லோடில் ஏறினால் ஃப்யூயல் பம்ப், அடைத்த ஃபில்டர், அல்லது அழுக்கடைந்த மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே வரும் காற்றை அளப்பது). பி0171 கோடு வந்திருந்தால் இந்தப் பக்கம்தான் வேலை.

இஜிஆர் அடைப்பு. ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது நாக்கிங் இல்லை, சீரான வேகத்தில் லேசாக அழுத்தும்போது மட்டும் வருகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இது. எரிந்த வாயு திரும்பி வந்து எரிதல் வெப்பத்தைக் குறைக்க வேண்டிய வழி கரியால் அடைத்திருக்கும். பி0401 கோடு துணைக்கு வரும், வராமலும் போகும்.

கரி. பிஸ்டன் தலையிலும் எரிதல் அறையிலும் படிந்த கரி இரண்டு வேலை செய்கிறது: அறையின் கொள்ளளவைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது, சூட்டையும் பிடித்துவைக்கிறது. கம்ப்ரெஷன் சோதனையில் எண் கையேட்டு அளவைத் தாண்டினால் மகிழ வேண்டாம், கரிதான். பிளக் துளை வழியாக போர்ஸ்கோப் விட்டால் கண்ணாலேயே தெரியும். கிராங்க் பகுதியின் வாயுவை எரிதலுக்குத் திருப்பும் பிசிவி வால்வு வழியாகவோ டர்போ சீல் வழியாகவோ ஆயில் உள்ளே போனால் கரி சேர்வது மட்டுமல்ல, அந்த ஆயிலே கலவையின் ஆக்டேனைக் குறைக்கும்.

ஸ்பார்க் பிளக். தவறான ஹீட் ரேஞ்ச் (சூட்டை வெளியேற்றும் திறன்) பிளக்கின் முனை அளவுக்கு மேல் சூடாகும். ஒவ்வொன்றாகக் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் அடுக்கிவைத்து, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகளோ மின்னும் வெள்ளித் துகள்களோ தெரிந்தால் நாக்கிங் கடுமையாக இருந்திருக்கிறது. அந்த வெள்ளி, பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். எலக்ட்ரோடு உருகி வளைந்திருந்தால் அது ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்ளும் ப்ரீ-இக்னிஷன். நாக்கிங் பிஸ்டன் ஓரத்தையும் பிஸ்டன் ரிங் உட்காரும் இருக்கைகளையும் உடைக்கும். ப்ரீ-இக்னிஷன் பிஸ்டனின் நடுவில் ஓட்டை போடும். இதைக் கண்டபின் சோதனை ஓட்டத்தை நீட்டிக்காதீர்கள்.

டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டியில் டைமிங் லைட் வைத்து அடிப்படை டைமிங்கைச் சரிபாருங்கள், வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு. புதிய வண்டியில் இதைக் கையால் திருப்ப முடியாது. கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் ஒரு பல் தாவியிருந்தால் பி0016 போன்ற கோடு வரும்.

நாக் சென்சாரை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன். சத்தம் கேட்டதும் பலரும் முதலில் மாற்றுவது இதைத்தான். சென்சார் நாக்கிங்கை உண்டாக்காது. நடப்பதைக் கேட்டு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கச் சொல்வது மட்டுமே அதன் வேலை. அது செத்துவிட்டால் பி0325 போன்ற கோடு வரும், பெரும்பாலான வண்டிகள் உடனே டைமிங்கைக் குறைத்துக்கொண்டு பிக்கப் இல்லாமல் ஓடும். கவனிக்க வேண்டியது அதன் போல்ட். பல வகைகளில் 20 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்க வேண்டும். வாஷர் கூடாது, பிளாக்கின் பரப்பு துருவோ பெயின்டோ இல்லாமல் இருக்க வேண்டும். இறுக்கம் தவறினால் கேட்க வேண்டியது கேட்காது, கேட்கக் கூடாதது கேட்கும். கழன்ற ஒரு பிராக்கெட்டின் சலசலப்பைக்கூட நாக்கிங் என்று எண்ணி டைமிங்கைக் குறைத்துக்கொண்டே இருக்கும் வண்டிகள் உண்டு. மைலேஜ் இறங்கியதற்குக் காரணம் தெரியாமல் திண்டாடுபவர்கள், ஸ்கேனரில் நாக் ரிடார்ட் (டைமிங்கைப் பின்னுக்கு இழுத்த) அளவு லோடே இல்லாத நேரத்திலும் ஏறுகிறதா என்று பார்க்கட்டும்.

டர்போ வண்டியில் ஒரே ஒரு 'டங்'

நேரடி இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் தெளிக்கும்) டர்போ பெட்ரோல் எஞ்சினில், 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே மேல் கியரில் முழுதாக அழுத்தும்போது சுத்தியலால் அடித்தது போல ஒன்றிரண்டு அடி விழுந்து மறைந்தால், அது குறைந்த வேக ப்ரீ-இக்னிஷன். சிலிண்டர் சுவரில் ஒட்டிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளிகள், ஸ்பார்க்குக்கு முன்பே பற்றுகின்றன. இதில் ஒரே அடியில் ரிங் இருக்கை உடையக்கூடும், ஆகவே மீண்டும் வரவழைத்துப் பார்க்க முயலாதீர்கள். ஓட்டும் முறையில் உடனடி மாற்றம்: அழுத்துவதற்கு முன் கியரை இறக்குங்கள். ஆயில் டப்பாவில் ஏபிஐ எஸ்என் பிளஸ், எஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய தரம் இருக்க வேண்டும். 2018லும் 2020லும் வந்த முதல் இரண்டு தரங்களும் இந்தச் சிக்கலை மனதில் வைத்தே வகுக்கப்பட்டவை. கால்சியம் அதிகமுள்ள டிடர்ஜென்ட் இதைத் தூண்டுவதால், அதில் ஒரு பங்கை மெக்னீசியத்துக்கு மாற்றித்தான் பல ஆயில்கள் இத்தரத்தை எட்டுகின்றன.

ஸ்டார்ட் செய்த சில நொடிகள் மட்டும்

இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஒன்றிரண்டு நொடி கரகரத்து அடங்கினால், ஆயில் மேலே ஏறும் வரையிலான தாமதம். முதலில் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். அதற்குள் ஆயிலைத் திரும்ப இறங்க விடாத ரப்பர் வால்வு மலிவான ஃபில்டர்களில் சீக்கிரம் விறைத்துப்போகும். நல்ல ஃபில்டர் மாட்டியும் தொடர்ந்தால், சத்தம் எஞ்சினின் செயின் பக்கத்தில் கொடகொடவென்று வருகிறதா, மேலே டிக் டிக்கென்று வருகிறதா என்று பிரித்துக் கேளுங்கள். செயின் பக்கம் என்றால் டென்ஷனர் (செயினை இறுக்கி வைப்பது) தளர்ந்திருக்கிறது அல்லது செயின் நீண்டிருக்கிறது. 3 நொடியைத் தாண்டத் தொடங்கிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். செயின் பல் தாவினால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதும்.

குளிரில் தட்டி, சூடேறினால் மறைவது

மூன்று பேர் இங்கே ஒரே குரலில் பேசுவார்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவு டிக் டிக்கென்று டேப்பட் போலவே கேட்கும். உலோகம் விரிந்து இடைவெளி மூடியதும் நின்றுவிடும். மேனிஃபோல்டு இணைப்பில் கரும்புகைத் தடமும், தலை முறிந்த போல்ட்டும் இருக்கிறதா பாருங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து மறு முனையை இணைப்பு நெடுகக் கொண்டு போனால் கசியும் இடத்தில் காற்று வெட்டுவது தெளிவாகக் கேட்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

பிஸ்டன் ஸ்லாப் (பிஸ்டன் பக்கவாட்டில் சிலிண்டர் சுவரில் மோதுவது) இன்னும் கொஞ்சம் கனமாக, வெற்று மரப்பெட்டியைத் தட்டுவது போல வரும். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், அதனால் சூட்டில் பிஸ்டன் இடைவெளி சுருங்கி சத்தம் அடங்குகிறது. சோதிக்க: குளிர்ந்த எஞ்சினில் சந்தேகப்படும் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, 10 மில்லி கெட்டியான ஆயில் விடுங்கள். இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டித்து, பிளக் இல்லாமலே சில சுற்று கிராங்க் செய்யுங்கள். மிச்ச ஆயில் வெளியே தெறித்துவிடும். பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் சிறிது நேரம் அந்தச் சத்தம் அமுங்கியிருக்கும். அமுங்கினால் ஸ்லாப்தான். ஒரு நிமிடத்துக்குள் மறையும் ஸ்லாப்போடு எத்தனையோ எஞ்சின்கள் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடுகின்றன. ஆயில் குடிக்காத வரை கவலைப்படத் தேவையில்லை. சூட்டிலும் நீடித்தால் பிஸ்டனின் கீழ்ப்புறப் பாவாடைப் பகுதி தேய்ந்தோ விரிசல் விட்டோ இருக்கலாம்.

மூன்றாவது ஹைட்ராலிக் டேப்பட். நல்ல ஆயில் மாற்றி 500 கிலோமீட்டர் ஓடிய பிறகும் டிக் டிக் குறையவில்லை என்றால் வால்வு கவரைத் திறந்து பாருங்கள். கையால் அழுத்தினால் பஞ்சு போல இறங்கும் டேப்பட்தான் குற்றவாளி.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியைத் திரும்பப் படிக்கலாம். நீங்கள் போய்ச் சேரும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், காரணம் கேளுங்கள்.

சூடேறிய பிறகு, கனமாக, அடியிலிருந்து

இதுதான் பயப்பட வேண்டிய சத்தம். குளிரில் கெட்டியான ஆயில் பேரிங் இடைவெளியை நிரப்பி மறைத்துவைத்ததை, சூட்டில் இளகிய ஆயில் காட்டிக்கொடுக்கிறது.

பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் இடத்தில் இருப்பது) தேய்ந்திருக்கிறதா என்று அறிய, எஞ்சினை 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் சீராக வைத்து, ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். தேய்ந்திருந்தால், லோடு திசை மாறும் அந்தக் கணத்தில் டக் டக் டக்கென்று சில அடிகள் தெளிவாக விழும். அடுத்து சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஸ்கேனரில் சிலிண்டர் கட் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துவதே நல்லது. இல்லாவிட்டால், சாதாரண போர்ட் இன்ஜெக்ஷன் (வால்வுக்கு முன்பே பெட்ரோல் தெளிக்கும்) எஞ்சினில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றலாம். காயிலைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டெரிக்கும். நேரடி இன்ஜெக்ஷனிலும் காமன் ரெயில் (பொதுக் குழாயில் உயரழுத்தத்தில் எரிபொருளைத் தேக்கிவைக்கும்) டீசலிலும் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரைத் தொடவே கூடாது. அவற்றில் பாயும் மின்னழுத்தம் 12 வோல்ட்டை விடப் பல மடங்கு அதிகம். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டு பாதியாகக் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் பிக் எண்ட்தான். எதை நிறுத்தியும் பெரிய மாற்றமில்லை, சத்தமும் இன்னும் ஆழமாக தொம் தொம்மென்று லோடில் வருகிறது என்றால் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கைச் சந்தேகியுங்கள். ஐடிலில் கூர்மையாக, அடுத்தடுத்து இரட்டைத் தட்டாக வருவது கட்ஜன் பின் (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைப்பது).

பிறகு பிரஷர். சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் கேஜை மாட்டி, முழுச் சூட்டில் ஐடிலிலும் 2000, 3000 ஆர்பிஎம்மிலும் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டு அளவுதான் தீர்ப்பு. அது கையில் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார், என்ற பழைய கணக்கு வழிகாட்டும். பல புதிய எஞ்சின்களில் பம்ப்பே தேவைக்கேற்ப பிரஷரை மாற்றுவதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது. பிரஷர் சரியாக இருப்பதால் பேரிங்கும் சரி என்று நினைத்துவிட வேண்டாம்: ஒரே ஒரு பேரிங் போனால் கேஜ் முள் பெரிதாக அசையாது.

ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து, ஃபில்டரை வெட்டிப் பிரியுங்கள். மடிப்புத்தாளை அறுத்தெடுத்து, பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். வெட்டும்போது ரம்பத்தால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும்; ஃபில்டர் கட்டரால் வெட்டுங்கள். மின்னும் சாம்பல்நிறத் துகள் பேரிங்கின் மேல்பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் தேய்மானம் அடுத்த அடுக்குக்கு இறங்கிவிட்டது. இவை இரண்டும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் இரும்பு: கேம், டேப்பட், செயின், அல்லது பேரிங்கின் எஃகு முதுகு வரை தேய்ந்த கடைசி நிலை.

உறுதியானதும் சம்ப்பை, அதாவது அடியிலுள்ள ஆயில் தொட்டியை, கழற்றி, பேரிங் கேப்களில் எண்ணும் திசையும் குறித்துவிட்டுத் திறவுங்கள். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்து அளந்தால் பெரும்பாலான கார்களில் பிக் எண்ட் இடைவெளி 0.025 முதல் 0.06 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கிராங்க் ஜர்னலில் (பேரிங் உட்காரும் உருளைப் பரப்பு) நகம் தடுக்கும் கோடு இருந்தால் புது ஷெல் (பேரிங்கின் அரைவளையம்) மட்டும் போடுவது வீண். சில நூறு கிலோமீட்டரில் அதே சத்தம் திரும்பிவிடும். ஜர்னலைக் கடைந்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் ஷெல் போட வேண்டும், அதுவும் அந்த எஞ்சினின் கிராங்க் கடைசலை அனுமதிக்கும் வகையாக இருந்தால். இழுபட்டு நீளும் வகைக் கனெக்டிங் ராட் போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பெரும்பாலானோர் தவறவிடும் இடம் ஆயில் கூலர்: உடைந்த பேரிங் தூள் அதற்குள் ஒளிந்திருந்து புது பேரிங்கைத் தின்னும். கழுவிச் சுத்தமாக்குவது கடினம், மாற்றிவிடுங்கள். சம்ப்பின் அடியில் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலையில் கசடோ சீலன்ட் துணுக்கோ அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், பேரிங் போனதற்கே அதுதான் காரணமாக இருக்கலாம்.

கெட்டியான ஆயிலோ சத்தம் குறைக்கும் திரவமோ ஊற்றினால் சில நாள் அமைதி கிடைக்கும். தேய்மானம் அந்த நாட்களிலும் ஓயாது.

பிக் எண்ட் போல நடிக்கும் சத்தங்கள்

எஞ்சினை இறக்க முடிவு செய்வதற்கு முன் இவற்றை விலக்கியே ஆக வேண்டும். ஒவ்வொன்றும் சில நிமிட வேலை.

ஆக்சசரி பெல்ட்டைக் கழற்றி 30 நொடி மட்டும் ஓடவிடுங்கள். பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் அதற்கு மேல் வேண்டாம். சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், டென்ஷனர், ஐட்லர் இவற்றில் ஒன்று.

கிராங்க் புல்லியின் உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் சேர்த்து ஒரு கோடு போட்டு, சிறிது ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் நடுவில் உள்ள ரப்பர் பிரிந்துவிட்டது. புல்லி போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே தட்டுதான்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் ஐடிலில் தட்டி, கியரில் போட்டதும் சத்தம் மாறினால் ஃபிளெக்ஸ் பிளேட் (கிராங்கை டார்க் கன்வெர்ட்டரோடு இணைக்கும் தகடு) விரிசல் அல்லது கழன்ற டார்க் கன்வெர்ட்டர் போல்ட். அடியில் உள்ள சிறு மூடியைத் திறந்து, கிராங்கைக் கையால் சுற்றி ஒவ்வொரு போல்ட்டாகப் பாருங்கள்.

மேனுவல் வண்டியில் கிளட்ச்சை மிதித்ததும் மறைந்தால் கியர்பாக்ஸ் உள்பேரிங் அல்லது டூயல் மாஸ் ஃபிளைவீல். மிதித்ததும் எஞ்சினிலிருந்து புதிதாகத் தட்டு வந்தால் கிராங்க் த்ரஸ்ட் பேரிங் (கிராங்க் முன்பின் நகராமல் தடுப்பது). டயல் கேஜ் வைத்து கிராங்கை முன்பின் நெம்பி அளந்து, கையேட்டு வரம்போடு ஒப்பிடுங்கள்.

ஸ்டார்ட், ஆஃப், கியர் மாற்றம் ஆகிய நேரங்களில் மட்டும் ஒரு தடவை 'தொம்' என்றால் எஞ்சின் மவுன்ட். நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினின் இன்ஜெக்டர்கள் ஐடிலில் தையல் இயந்திரம் போல டிக் டிக்கென்பது பிறவிக் குணம்; பழுது இல்லை.

டீசல்

டீசல் தட்டுவது இயல்பு. உள்ளே தெளித்த எரிபொருள் பற்றிக்கொள்ள எடுக்கும் தாமதத்தில் சேர்ந்ததெல்லாம் ஒன்றாக எரிவதால் வரும் சத்தம் அது. குளிரில் தாமதம் கூடுவதால் சத்தமும் கூடும். க்ளோ பிளக் செத்திருந்தால் வெண்புகையோடு சேர்ந்து வரும். கவலைப்பட வேண்டியது மாற்றம்: நேற்று வரை சீராக இருந்தது இன்று ஒரு சிலிண்டரில் மட்டும் ஓங்கித் தட்டுவது.

எரிபொருள் நிரப்பிய சில நிமிடங்களில் தொடங்கினால் டேங்கில் பெட்ரோல் விழுந்திருக்கலாம். உடனே அணைத்து, டேங்கை வடியுங்கள். உயரழுத்தப் பம்ப்புக்கு டீசல்தான் மசகு.

இல்லையென்றால் ஸ்கேனரில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவையும் பாருங்கள். மற்றவற்றை விட்டு ஒன்று மட்டும் தனியே விலகி நின்றால், அந்தச் சிலிண்டரை ஸ்கேனரிலேயே கட் செய்து சத்தம் போகிறதா என்று கேளுங்கள். போனால் இன்ஜெக்டர் சொட்டுகிறது அல்லது ஒட்டிக்கொள்கிறது. இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாய்களில் ஒரே அளவு பாட்டில்களை மாட்டி எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டால், உள்ளே தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில் மற்றவற்றை முந்திக்கொண்டு நிறையும். கட் செய்தும் சத்தம் குறையாவிட்டால் மேலே சொன்ன பேரிங் சோதனைக்குப் போங்கள்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசலில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி சிலிண்டரை நிறுத்திப் பார்ப்பது வழக்கம். காமன் ரெயிலில் அதே பழக்கத்தில் ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள். அங்கே அழுத்தம் 1000 பாருக்கு மேலும் போகும். ஊசி முனையளவு பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் பட்டுவிட்டால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், நேராக மருத்துவமனைக்குப் போய் 'உயரழுத்த டீசல் உள்ளே போயிருக்கிறது' என்று சொல்லுங்கள்.